அப்புறம் எந்தத் தாலுகா?

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு முப்பத்தாறு. குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "டீச்சர்" என்பார்.

குரு ஸுலைகா, கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்கிறவர். சீடர் தெய்வநாயகம், ஓய்வுபெற்ற சர்வேயர். மூடிக்கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையின் நாலு ஏக்கரில், குருவுக்குப் பின்னாலேயே இரண்டு வருஷம் நடந்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

நிலம் முக்கால்வாசி தேறிவிட்டது. பழைய ரசாயனத் தொட்டி இருந்த மூலையில் மட்டும் நாற்பது லோடு மஞ்சள் மண் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். நிலம் சுத்தம் என்று அவர் எழுதினால் அது பக்கத்துக் காலனிக்கு. ஆஸ்பத்திரியும் மைதானமும் வரும். இல்லாவிட்டால் ஒரு குடோன் கம்பெனிக்குப் போய்விடும்.

காலனித் தலைவி பொன்னுருவிக்கு அந்த ஆஸ்பத்திரி வேண்டும். அவள் மகளுக்குப் பிரசவம் ஆனது ஷேர் ஆட்டோவில், ரயில்வே கேட் திறப்பதற்காகக் காத்திருந்தபோது.

செவ்வாய்க்கிழமை கான்ட்ராக்டர் லாரியோடு வந்தார்.

"ரெண்டே நாள் மேடம், ரெண்டே நாள்! மொத்த மண்ணையும் அப்புறப்படுத்திடறேன். தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்!"

"நீ முதல்ல சாப்பிடு, நான் பாக்கறேன்" என்றாள் பொன்னுருவி. வாய்தான் கிண்டல் செய்தது. கண் லாரியை விட்டு நகரவில்லை.

தெய்வநாயகம் நோட்டைப் பிரித்து, 'மாசுற்ற மண் அப்புறப்படுத்தப்படும்' என்று எழுதினார். அரசாங்கத் தமிழ் அவருக்குத் தும்மல் மாதிரி. தானாக வரும்.

ஸுலைகா எட்டிப் பார்த்தார்.

"சார், இந்த அப்புறம் எங்க இருக்கு?"

"எது டீச்சர்?"

"அப்புறப்படுத்தறதுன்னா அப்புறத்துல கொண்டு போய் வைக்கறதுதானே? அந்த ஊர் எந்தத் தாலுகா?"

முப்பத்தைந்து வருஷம் தாலுகா தாலுகாவாக அளந்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் டிரைவருக்குத் தெரியும் மேடம்" என்றார் கான்ட்ராக்டர்.

"அப்ப முதல் லோடுல நாங்களும் போறோம். பொன்னுருவிக்கா, நீங்களும் ஏறுங்க."

"நான் இன்னாத்துக்கு? மண்ணு போனா சரி."

"சும்மா, காத்தாட."

லாரியில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவர் ஏகாம்பரத்துக்கு ஒரே சந்தோஷம்.

"மண்ணை வழியனுப்ப இம்மாம் பேரா! என் கல்யாணத்துக்கே ரெண்டு பேர்தான் வண்டியில வந்தாங்க."

ஸுலைகா சிரித்தார். அதோடு சரி. வழி முழுக்கப் பேசவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து லாரி ஒரு வறண்ட ஏரிக்குள் இறங்கியது. கரைமேலிருந்து ஒரு பெண் கூடையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, அண்ணே! கொஞ்சம் இரு! ரெண்டு கூடை அள்ளிக்கறேன். கத்திரிச் செடிக்கு அணைக்கணும்."

தெய்வநாயகம் குருவைப் பார்த்தார். குரு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பொன்னுருவியின் வியர்த்த முகத்தைக் கவனித்தாள்.

"வெயில்ல வந்துக்கீறீங்களே அக்கா. இருங்க." ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். "எங்க கிணத்துத் தண்ணி. சர்க்கரை மாதிரி இருக்கும்."

பொன்னுருவி குடித்தாள். சொம்பை இறக்காமல் முழுசும் குடித்தாள். காலனியில் கிணறுகள் மஞ்சளாகி இருபது வருஷம். அன்றிலிருந்து லாரித் தண்ணீர்தான்.

"கிணறு எங்கம்மா கீது?"

"தோ, கரைக்குக் கீழதான்."

பொன்னுருவி சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏகாம்பரம், வண்டியத் திருப்பு."

"அக்கா, மண்ணு..."

"மண்ணோடதான். திருப்புன்னா திருப்பு!"

"எனக்கு ரெண்டு கூடை?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு கை கூட இல்ல. தொடாத!"

அவள் முகம் வாடிவிட்டது. எவ்வளவு கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள்.

அன்று சாயங்காலம், ஸுலைகாவிடம் வழி கேட்டுக்கொண்டு, காலனியைக் கூட்டிப் பொன்னுருவியே சொன்னாள்.

"மண்ணு இங்கயேதான் இருக்கும். அந்த மூலையில ஆழமாக் குழி. அடியில களிமண்ணு, சுத்தியும் கெட்டி விரிப்பு, மேல மூடி. எப்பவும் யாரும் தோண்டக் கூடாது. மைதானத்துக்கு இடம் இல்ல. ஆஸ்பத்திரி நிச்சயம் இல்ல, கேட்டுப் பாக்கலாம்."

"அப்ப கிரிக்கெட்டு?" என்றார் ஒரு மீசைக்காரர்.

"ஆடுனவரைக்கும் போதும், உக்காரு."

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார்.

"சுத்தம் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. மூலையில விஷத்தை வெச்சுக்கிட்டு நிக்கறீங்க!"

"எங்க கண்ணு முன்னால வெச்சுக்கிட்டு நிக்கறோம் சார்" என்றாள் பொன்னுருவி.

ஸுலைகா போட்டுவைத்திருந்த குழியின் வரைபடத்தை அதிகாரி ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு, மூன்று ஏக்கர் காலனிக்கு, மூலை வேலிக்குள், வருஷத்துக்கு இரண்டு தடவை தண்ணீர்ப் பரிசோதனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு இடம் கிடைத்தது.

எல்லோரும் போன பிறகு தெய்வநாயகம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், லாரி எந்த மாதிரி இடத்துக்குப் போகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"இங்கேயே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அவ்வளவு தூரம் போய், பேசாம உட்கார்ந்துட்டு வந்தீங்க."

ஸுலைகா வரைபடத்தைச் சுருட்டினார்.

"நான் சொல்லியிருந்தா, நான் இந்த ஊரை விட்டுக் கிளம்பற வரைக்கும்தான் சார் அந்த மண்ணு இங்க இருந்திருக்கும்."