அன்னப் படகு வந்த கதை

முன்னொரு காலத்தில் மருதந்துறை என்ற நாட்டை மகுடகேசரி என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் புகழ்ச்சி என்றால் அவனுக்கு ஒரு பிடி அதிகமாகவே வேண்டும். கோபமும் அப்படித்தான்.

அவனுடைய தலைநகரை ஒட்டி ஓர் ஆறு ஓடியது. அக்கரையில் வயல்களும் மாட்டுத் தொழுவங்களும்; இக்கரையில் சந்தை. நடுவே தட்டையான பழைய படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. மழையென்றால் நனைய வேண்டும், வெயிலென்றால் காய வேண்டும். மற்றபடி ஆடு, மாடு, மூட்டை, முடிச்சு எல்லாமே ஏறிப் போகலாம்.

அரசவையில் விசித்திரசேனர் என்று ஒரு பிரபு இருந்தார். மந்திரி சொக்கநம்பியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவர் கண்ணில் மிளகாயாக எரிந்தது. அரசனின் மனம் குளிர ஏதாவது செய்து மந்திரியை ஓரங்கட்ட வேண்டும் என்று யோசித்தவர், பழைய படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டு அன்னப் படகுகளை மிதக்கவிட்டார். வளைந்த நீண்ட கழுத்து, பொன்வண்ணம் பூசிய இறக்கைகள், தலைக்கு மேலே பூவேலை செய்த மரக்கூரை. கரையில் நின்று பார்த்த அரசன் சொக்கிப்போனான்.

பார்க்கிறவர்களுக்குத்தான் அது அழகு. ஏறுகிறவர்கள் பட்ட பாடு வேறு. இறக்கைகள் தண்ணீரில் இழுபட்டுப் படகு ஆமையாக நகர்ந்தது. விளிம்பு உயரமாக இருந்ததால் மாடுகளால் ஏற முடியவில்லை. அன்னத்தின் கழுத்து படகோட்டிக்கு எதிரே இருந்ததையெல்லாம் மறைத்தது. ஒருநாள் ஒரு படகு பாறையில் முட்டி, ஆவுடையாள் என்ற தயிர்க்காரியின் பானை உடைந்தது. அவள் நனைந்த சேலையோடு நேரே அரண்மனை வாசலுக்குப் போனாள். படகைச் செய்தவர் ஒரு தடவையாவது அதில் ஏறினாரா என்று காவலரிடம் கேட்டாள்.

கேட்டது அவ்வளவுதான். அது விசித்திரசேனர் வாய் வழியாக அரசன் காதுக்குப் போனபோது, மகாராஜாவின் ரசனையை ஒரு தயிர்க்காரி எள்ளி நகையாடினாள் என்றாகிவிட்டது. அரசன் கொதித்தான். ஆவுடையாளைச் சிறையில் அடைக்கச் சொன்னான். அன்னப் படகைக் குறை சொல்கிற யாரும் நாடு கடத்தப்படுவார்கள், புகழ விரும்புகிறவர்கள் பௌர்ணமியன்று அரசவைக்கு வரலாம், அன்றே தயிர்க்காரிக்கும் தீர்ப்பு என்று பறையறைவித்தான்.

சொக்கநம்பிக்கு இது சரியாகப் படவில்லை. ஒரு பானை தயிருக்காக ஒரு பெண் பிறந்த மண்ணை இழப்பதா? ஆனால் கொதிக்கிற உலையில் கை வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் ஒன்றை மட்டும் பணிவாகக் கேட்டார். சிறையில் இருப்பவளும் படகைப் புகழலாமா? புகழ்வதற்கு யார் தடை என்றான் அரசன். சொக்கநம்பி வணங்கிவிட்டுச் சிறைக்குப் போனார்; அங்கிருந்து படகுத்துறைக்குப் போனார்.

பௌர்ணமியன்று அவை நிரம்பி வழிந்தது. முதலில் வந்தவர் மாடக்கண்ணு என்ற உழவர். "மகாராஜா, என் காளைகளுக்கு இதுவரை நீச்சல் தெரியாது. அன்னப் படகில் ஏற முடியாததால் இப்போது இரண்டும் மீனாக நீந்துகின்றன. உங்கள் புண்ணியம்."

விசித்திரசேனர் பெருமையோடு அவையைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து ஒரு கல்யாணத் தரகர் வந்தார். முன்பெல்லாம் பேச்சைத் தொடங்குமுன் கரை வந்துவிடும் என்றும், இப்போது படகில் ஏறியதும் பெண் கேட்டால் இறங்குவதற்குள் தாம்பூலமே மாற்றிவிடலாம் என்றும் சொல்லிக் கும்பிட்டார். அவையில் யாரோ இருமினார்கள்.

பிறகு படகோட்டி வந்தான். "முன்பு கண்ணை நம்பி ஓட்டினேன் மகாராஜா. இப்போது எதிரே ஒன்றும் தெரியாததால் கடவுளை நம்பி ஓட்டுகிறேன். துறையில் பக்தி பெருகிவிட்டது."

இருமல் சிரிப்பாகிவிட்டது. கடைசியில் ஆவுடையாளைக் கொண்டுவந்தார்கள். அவள் தெளிவாகச் சொன்னாள்: "தயிர் கடைகிற வேலை எனக்கு மிச்சம் சாமி. இக்கரை சேருமுன்னே படகே கடைஞ்சு மோராக்கிடுது. பானையையும் அதுவே உடைச்சுடுறதால கழுவுற வேலையும் இல்லே."

அரசனே வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்தவன் சட்டென்று நிறுத்தி மந்திரி பக்கம் திரும்பினான். "சொக்கநம்பி, இது புகழ்ச்சியா, குறையா?"

"தாங்கள் திறந்துவைத்த வாசல் ஒன்றுதான் மகாராஜா. உண்மை அதன் வழியாக வந்துவிட்டது" என்றார் மந்திரி. "மேற்கே அயல்நாட்டுத் துறையில் ஆற்றைக் கடக்கப் பலர் போய்விட்டார்கள். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்கிறவர்கள் நம் படகிலேயே போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அவர்களையா நாடு கடத்துவது?"

அரசன் அரியணையை விட்டு எழுந்தான். பிறகு இறங்கி வந்து ஆவுடையாளின் விலங்கைக் கழற்றச் சொன்னான். படகுகளையெல்லாம் கொளுத்திவிடட்டுமா என்று அவளிடமே கேட்டான்.

"வேண்டாம் சாமி. கூரை நல்லா இருக்கு, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். அது இருக்கட்டும். இறக்கையை எடுத்துட்டு, விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தினா போதும்."

கழுத்துகளைக் கழற்றிச் சந்தை வாசலில் நட்டுவைத்தால் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள் என்றான் படகோட்டி. விசித்திரசேனர் தலை கவிழ்ந்து நின்றார். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கநம்பிக்குப் போட்டான். ஆவுடையாளுக்குப் பசுவும் கன்றும் கொடுத்தான். படகுகள் சரியாகும்வரை படகுத்துறையிலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும் என்று விசித்திரசேனருக்குத் தண்டனை விதித்தான்.

மறுநாள் காலை பிரபு துறைக்குப் போனபோது அங்கே ஒரு கூட்டம் நின்றது. முதல் ஆளாக அரசன் நின்றான், இடுப்புவரை நனைந்து. அன்றுதான் முதன்முதலாக அன்னப் படகில் ஏறிப் போய்வந்து, இறங்கும்போது விளிம்பு தடுக்கி ஆற்றில் விழுந்திருந்தான். இருக்கை வழுக்குகிறது, பிடித்துக்கொள்ளக் கயிறில்லை என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். பின்னால் நின்ற ஆவுடையாள் எட்டிப் பார்த்தாள்.

"சாமி, கொஞ்சம் சீக்கிரம் சொல்லி முடிங்க. தயிர் புளிக்குது."