நஞ்சன் கேட்ட உத்தரவு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. காவி வாங்கப் போகிறவர் சபை நடுவே நின்று தன் தாயிடம் உத்தரவு கேட்க வேண்டும். அவள் வாய் திறந்து "போ" என்று சொல்லாமல் குரு துணியைத் தொடமாட்டார்.

நஞ்சனுக்கு அந்த நாள் வந்தது. வயது நாற்பத்தைந்து, குருவைவிட ஆறு வயது மூத்தவன். இதற்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தான். இன்று தவறினால் அடுத்த சபைக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். துறவுக்கு அவன் பயப்படவில்லை. அம்மா மாதி சபையில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்றுதான் பயந்தான்.

மாதிக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசுவது மலைமேல் நாற்பது குடும்பங்கள் மட்டும் பேசுகிற பேச்சு. அதற்கு எழுத்து கிடையாது. மடத்துக்கு வந்த முதல் நாள் பந்தியில் நஞ்சன் அந்தப் பேச்சில் தண்ணீர் கேட்டுவிட்டான். பந்தியே சிரித்தது. தண்ணீர் அவனுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அன்றைக்கு வாயை மூடியவன், அதன் பிறகு பேசியதெல்லாம் தமிழ்தான், அதுவும் மடத்தில் எல்லாரையும்விடச் சுத்தமாக. மலையிலிருந்து மருந்துக்கு வருகிறவர்கள் அந்தப் பேச்சில் எதையாவது கேட்டால், ஒன்றும் விளங்காதவனைப் போல முழிப்பான். பாவி, அவர்களில் பாதிப்பேர் அவனுக்கு மாமன் மச்சான்.

மலையிலிருந்து இறங்கி வந்திருந்த அம்மாவுக்குச் சபைக்கு முன் மூன்று நாள் பாடம் நடத்தினான். "போய் வா மகனே." மூன்றே சொல். மலைப் பேச்சு யார் காதிலாவது விழுந்துவிடுமே என்று அந்தச் சொற்களின் அர்த்தத்தைக்கூடச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தான். மாதி நன்றாகவே சொல்லிக் காட்டினாள்.

சபை கூடியது.

"அம்மா, நான் துறவு பூண உத்தரவு தாருங்கள்," என்று கணீரென்று கேட்டான்.

மாதி அவனைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மறுபடி கேட்டான். அவள் வாயே திறக்கவில்லை.

மூத்த சீடர் ஏகாம்பரம் எழுந்தார். "அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு வராதுங்க சாமி. தலையை ஆட்டச் சொன்னாப் போதுமே."

"தலையாட்ட மாடு போதும்," என்றார் குரு. நஞ்சன் பக்கம் திரும்பினார். "நஞ்சரே, அவங்களுக்குப் புரியற மாதிரி கேளுங்க."

நஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பேச்சை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சுங்க சாமி. இந்தக் காவிக்காக நான் முதல்ல துறந்தது அதைத்தான்."

"துறந்தீங்களா, ஒளிச்சு வெச்சீங்களா?"

நஞ்சன் அம்மா பக்கம் திரும்பினான். மலைப் பேச்சில் முதல் வார்த்தை கீச்சென்றுதான் வந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். காது சுட்டது, ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் குரல் நிலைக்கு வந்தது. மூன்றாவது வாக்கியம் சபை முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு வருடமாக இல்லாத ஒரு சந்தோஷம் அவனுக்குள் பொங்கியது.

மாதி எழுந்து நின்றாள். திட்டினாள், அழுதாள், நிறையப் பேசினாள். கடைசியில் அவன் தலையில் கை வைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொன்னாங்க?" குரு கேட்டார்.

"மூணு நாளா எவனோ ஒருத்தன் கையை ஆட்டி ஆட்டி என்னை விரட்டப் பார்த்தான், அவனுக்கு நான் எதுக்கு உத்தரவு குடுக்கணும், இப்பத்தான் என் பையன் வந்து கேக்கறான்னு சொன்னாங்க." இந்த முறை நஞ்சன் குரலைத் தாழ்த்தவில்லை. "போன்னு சொல்லிட்டாங்க சாமி."

குரு காவித் துணியை எடுத்தார். ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, அந்தம்மா பேசினது இந்தச் சபையில வேற ஒருத்தருக்கும் விளங்கல. அந்த உத்தரவு எப்படிங்க செல்லும்?"

குரு துணியை நஞ்சன் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவர் உத்தரவு கேட்டது உங்ககிட்டயா?"