துரை சாப்பிட்ட இலை

பாய்மரக் கப்பல்களில் வெள்ளைக்காரர்கள் மிளகு வாங்க வந்துபோன முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை மங்களவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குத் திடீரென்று சமையல் ஆசை பிடித்துக்கொண்டது. அரண்மனை அடுக்களையில் தானே நின்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைப்பான். சபையில் உள்ளவர்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். அமிர்தம் என்பார் ஒருவர். தேவலோகத்தில்கூட இப்படிக் கிடையாது என்பார் இன்னொருவர். அரசனுக்குக் கால் தரையில் பாவாது.

அந்தச் சபையில் உலகப்பன் என்ற விகடகவி இருந்தான். மிளகு வியாபாரம் பேச வந்த பெர்க்கின்ஸ் துரையைத் துறைமுகத்திலிருந்து அழைத்துவந்தவன் அவன்தான். துரை பேசுவதைத் தமிழில் சொல்ல நாகலிங்கம் என்ற துபாஷி இருந்தார். எந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் ஒரே பொருள்தான் என்பது அவர் கட்சி. வந்த அன்று வெயில் தாங்காமல் துரை, “ப்ளடி ஹாட்” என்றார். வெயிலில் ரத்தம் இருப்பதாகத் துரை சொல்கிறார் என்று துபாஷி அறிவிக்க, அரண்மனை ஜோசியர் பரிகாரப் பூசையே செய்துவிட்டார்.

உலகப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரையின் முகத்தையும் கையையும் கவனித்துக்கொண்டே இருப்பான். சுகமா என்று கேட்டால் துரை “ஃபைன்” என்பார். வாயிற்காவலன் வெயிலில் காக்கவைத்தபோதும், முகமெல்லாம் சிவக்க, “ஃபைன்” என்றார். பல்லக்குத் தூக்கி ஒருவன் அவர் காலை மிதித்துவிட்டான். அப்போது “ஸாரி” என்று சொன்னவரும் துரைதான்.

துரைக்கு விருந்து நடந்தது. அரசன் வைத்த குழம்பைச் சாப்பிட்ட துரை, “நாட் பேட்” என்றார்.

“மோசமில்லை என்கிறார், மன்னா” என்றார் துபாஷி.

அரசன் முகம் கறுத்தது. மிளகும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம், துரை கப்பலேறட்டும் என்றான். உலகப்பன் அரசனுக்குப் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்து நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த துபாஷி, இப்படிப்பட்டவரை அழைத்துவந்தவனையும் அதே கப்பலில் அனுப்பலாமே என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

துரைக்குக் குழம்பு பிடித்துத்தான் இருக்கிறது என்று உலகப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

“நாளையும் இதே குழம்பு வைப்பேன்” என்றான் அரசன். “துரை மனத்தில் இருப்பதை என் கண்முன் கொண்டுவந்து வை. முடியாவிட்டால் நீயும் உன் குடும்பமும் நாட்டை விட்டுப் போகலாம்.”

அதுவரை உலகப்பன் துரையிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று துபாஷி ஒரு நிபந்தனையும் சேர்த்தார்.

வீட்டில் உலகப்பனின் மனைவி மீனம்மை செய்தியைக் கேட்டதும் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். “அந்த ஊர்ல புளியாவது கிடைக்குமாங்க?” என்று கேட்டாள். கட்டிய மூட்டையை அவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு உலகப்பன் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விருந்து முடிந்தது. எல்லாரும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். துரை, “நாட் பேட் அட் ஆல்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். சபை கூடியதும், சிறிதும் மோசமில்லை என்கிறார் என்று துபாஷி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அரசன் உலகப்பனைத் தேடினான்.

உலகப்பன் ஒரு வெள்ளித் தாம்பாளத்தை ஏந்தி வந்து சிம்மாசனத்துக்கு முன்னால் வைத்தான். அதில் துரை சாப்பிட்ட இலை இருந்தது. மடிக்கும் வழக்கம் தெரியாததால் துரை அதை விரித்தபடியே விட்டுப் போயிருந்தார். இலை கழுவியதுபோல் இருந்தது. ஓரத்தில் கத்தரிக்காய்க் காம்புகள் மட்டும், அவையும் நன்றாகச் சப்பப்பட்டு, கிடந்தன.

எச்சில் இலையைச் சபைக்குள் கொண்டுவருவதா என்று எல்லாரும் முகம் சுளித்தார்கள்.

“கண்முன் கொண்டுவந்து வைக்கச் சொன்னீர்கள், அரசே. வைத்துவிட்டேன்” என்றான் உலகப்பன்.

“மன்னா, கப்பலில் காய்ந்து கிடந்தவர் எதைப் போட்டாலும் வழித்துத் தின்பார்” என்றார் துபாஷி. “நாங்கள் வாய் நிறையப் புகழ்கிறோமே, அதுவல்லவா சாட்சி?”

“அப்படியானால் புகழ்ந்தவர்கள் இலைகளையும் எடுத்து வரட்டுமா, அரசே?”

துபாஷியின் கண் பந்திக்கூடத்துப் பக்கம் ஓடியது. அரசன் அதைக் கண்டுகொண்டான். எழுந்து தானே கூடத்துக்கு நடந்தான். குனிந்து துபாஷியின் இலையைப் பிரித்தான். ஒரு குவியல் சோறு. அதை விலக்கினால் அடியில் குழம்பு, கத்தரிக்காயோடு ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. அடுத்த இலையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

கடைசியில் உலகப்பனின் இலை. பிரித்தான். பாதிக் குழம்பு மிச்சம் இருந்தது.

“நீயுமா, உலகப்பா?”

“பாதிவரை நன்றாக இருந்தது, அரசே. அதற்கு மேல் உப்பு தாங்கவில்லை.”

சிரிக்கத் தொடங்கிய அரசன், தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டான். மிளகு ஒப்பந்தத்துக்கும் அங்கேயே சம்மதம் சொன்னான். புகழ்ந்தவர்கள் எல்லாரும் அவரவர் இலையில் உட்கார்ந்து, தாங்கள் புகழ்ந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று உத்தரவிட்டான்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெர்க்கின்ஸ் துரை எட்டிப் பார்த்தார். பந்தி மறுபடியும் உட்கார்ந்திருந்தது. துபாஷிக்குப் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, தமக்கும் ஓர் இலை போடும்படி கையைக் காட்டினார்.