பரண்மேல் காய்ந்த பலகை

மலையடிவாரத்துக் கிருபாபுரத்தில் முதன்முதலாகக் கல்லில் கிறிஸ்தவக் கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதற்கு ஆர்கன் என்னும், காற்றில் பாடும் குழல் வாத்தியம் செய்யும் பொறுப்பு ஞானாபரணம் ஆசானுடையது. உலோகக் குழல்கள் கப்பலில் வந்து இறங்கிவிட்டன. மரக்குழல்களுக்குத்தான் மரம் அமையவில்லை.

சீடன் பாக்கியநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசான் காட்டில் ஒவ்வொரு தேக்காகத் தட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இருமுவார். இருமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. மரம் கிடைக்கும்வரை இந்த மனிதர் தாங்குவாரா? பயம் அவனை அரித்தது. இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது?

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனான். கோயிலுக்கென்று விட்டிருந்த காட்டில் நெட்டநெடுக நின்ற ஒரு தேக்கை ஆள்வைத்து வெட்டி, அறுத்து, வண்டியேற்றி ஆசான் வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

ஆசான் குனிந்து பலகையில் கன்னத்தை வைத்தார். குளிர்ந்தது.

"நல்ல மரம்லே. ஆனா பச்சை."

"காய வச்சிரலாம் ஐயா."

"வருசக்கணக்கா ஆகும். இப்பவே குழல் செஞ்சா காயக் காய வெடிக்கும். காத்து ஒழுகும். பெறகு எங்க பாட?"

பாக்கியநாதன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "நீங்க கேக்கணும்னுதானய்யா இந்த ஓட்டம் ஓடுதேன். நீங்க இல்லாத கோயில்ல அது பாடி எனக்கு என்ன?"

ஆசான் உள்ளே போய்ப் பரணில் ஏணியைச் சாத்தினார்.

"ஏறு."

மேலே பழைய பாய்க்கு அடியில் தேக்குப் பலகைகள் அடுக்கியிருந்தன. விரலால் சுண்டினான். வெண்கலச் சொம்பைத் தட்டினதுபோல் கணீரென்றது. முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கையை இழுத்துக்கொண்டான். தன் சவப்பெட்டிக்கான பலகையை நடமாடும்போதே வாங்கிப் பரணில் காயப்போடுவது அந்த ஊர்ப் பெரியவர்கள் வழக்கம்.

"ஐயா, இது ஒங்க பெட்டிக்கு வச்சிருக்கிறதுல்லா?"

"ஆமா. குடுக்க மனசு வரலை. அதான் காடு காடாத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எறக்குலே."

"நான் தொடமாட்டேன். ஒங்களுக்கு எங்க போக?"

ஆசான் வாசலுக்குப் போய், வண்டியில் வந்த பச்சைப் பலகையைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்கு இது போதும்லே. நான் பாடவா போறேன்?"