பொங்கலில் நெய் குறைந்த கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை என்றொரு நாட்டைச் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நாடு பழைய நாடு இல்லை. மலையூர், வயலூர், கடலோரப் பட்டினம் மூன்றும் சண்டை போட்டுச் சலித்துப்போய், ஒரே நாடாகவே இருந்து தொலைப்போம் என்று அப்போதுதான் சேர்ந்திருந்தன. ராஜா நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாலும் அவர் சொன்னதுதான் அவனுக்குச் சரி.

புது நாட்டின் முதல் சட்டத்தை அரண்மனை வாசலில் கல்லில் வெட்ட நாள் குறித்தார்கள். அன்றைக்குக் கடைசியாகப் பேசியவர் வயலூர்ப் பெரியகோயிலின் ராஜகுரு ஞானசிவம்.

“மகாராஜா, இனிமேல் கோயிலே அரசாங்கம், அரசாங்கமே கோயில். என்னிடம் தீட்சை வாங்காதவருக்குப் பதவி கிடையாது.”

“பேஷ், வெட்டச் சொல்லுங்கள்” என்றான் ராஜா.

அமைச்சர் சாத்தையாவுக்கு இது சரியாகப் படவில்லை. அவர் மலையூர்க்காரர், எல்லைக் கருப்பனைக் கும்பிடுகிறவர். பட்டினத்தில் பாதிப் பேர் பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். தன் பதவி போனால் போகட்டும், ஊர் ஊராக நடந்து கெஞ்சிச் சேர்த்த நாடு மறுபடி மூன்றாக உடைந்துவிடுமே என்றுதான் அவருக்குப் பயம். அவர் செல்வாக்கைப் பார்த்துக் குருவுக்கு ஆரம்பத்திலிருந்தே பொறாமை.

சாத்தையா எதையும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. “அருமையான சட்டம். ஆனால் கல்லில் வெட்டினால் அழிக்க முடியாதே. தேர்த் திருவிழா வரை நடத்திப் பார்த்துவிட்டு வெட்டலாம்” என்றார். இப்போது கடைசியாகப் பேசியவர் அவர் அல்லவா, ராஜா தலையாட்டிவிட்டான்.

மறுநாள் உச்சிக்கால பூஜைக்குக் குரு மணியை எடுத்தார். கோயில் வாசலில் இரண்டு பேர் ஓர் எருமையோடு நின்றார்கள்.

“சாமி, இது யார் எருமைன்னு தீர்ப்பு சொல்லுங்க. அரசாங்கம் இனி இங்கதான்னு அமைச்சர் அனுப்பிட்டாரு.”

அவர்களுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்ட தெருக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் மாமியார் மருமகள் வழக்கு. எல்லாம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்குச் சாமி பட்டினி.

அது போகட்டும் என்றால், அடுத்துப் படைத்தலைவர் வந்து தேரை இழுத்துக்கொண்டு போனார்.

“கோயில் தேர் என்றால் அரசாங்க வண்டிதானே, குருவே. கோட்டைச் சுவருக்குக் கல் ஏற்ற வேண்டும்.”

குரு பல்லைக் கடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் போட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“நெய் எங்கே?”

மடைப்பள்ளிக்காரர் தலையைச் சொறிந்தார். “அரண்மனையில சிக்கனமாம், சாமி. அரசாங்கச் செலவுல நெய் கிடையாதாம். நல்லெண்ணெய் ஊத்திக்கச் சொன்னாங்க.”

சர்க்கரைப் பொங்கலில் நல்லெண்ணெய். அதற்கு மேல் யார்தான் பொறுப்பார்கள்? மேல்துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் குரு சபைக்கு ஓடினார்.

“மகாராஜா, என் சாமியை என்னிடம் விட்டுவிடுங்கள். உங்கள் எருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

சபையே சிரித்தது. “அப்படியானால் முதல் சட்டம்?” என்றான் ராஜா.

“குருவே சொல்லட்டும்” என்றார் சாத்தையா.

குரு தரையைப் பார்த்தார். “கோயிலுக்குள் அரசாங்கம் வரக் கூடாது.”

“அரசாங்கத்துக்குள்?” என்று கேட்டார் சாத்தையா.

“கோயிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம்” என்று முணுமுணுத்தார் குரு. “பதவிக்குத் தீட்சையும் வேண்டாம்.”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையாவுக்குப் போட்டான். பிறகு அவசரமாகக் கையை உயர்த்தினான். தன்னைப் பற்றி அவனுக்கே தெரியும் அல்லவா.

“கல் வெட்டி முடிகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

தேர் திரும்பி வந்து திருவிழாவும் நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைப் பொங்கலில் நெய் மிதந்தது. முதல் கிண்ணம் சாத்தையா வீட்டுக்குத்தான் போனது. கொண்டு வந்து கொடுத்தவர் ராஜகுரு.