சீடருக்கு ஒரு நாற்காலி

செங்கோடனுக்கு வலது இடுப்பில் வலி. குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் காலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதையும், குரு பேசும்போது தரையில் தலைகுனிந்து சம்மணமிட்டு உட்காருவதையும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. குரு உட்காருவது தாழ்வான ஒரு பலகை. அதற்கு மேல் உயரத்தில் சீடர் யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம்.

ஒரு நாள் விழுந்தவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் குரு கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"மூட்டு தேஞ்சிருக்குதாமுங்க சாமி. இப்போதைக்குக் கத்தி வேண்டாமாம். பயிற்சி சொல்லிக் குடுத்திருக்காங்க. வெந்நீர் ஒத்தடம், கைத்தடி. உடம்பும் கொஞ்சம் இளைக்கணுமாம்."

"செய்யுங்க."

செய்தார். மழைக்காலம் வந்தது. வலி கூடியதே தவிரக் குறையவில்லை. எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கமில்லை. இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செங்கோடன் குருவிடம் வந்தார். தடியை ஓரமாக வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்து வணங்கினார். எழாமலே கேட்டார்.

"எல்லாம் செஞ்சும் வலி ஏன் சாமி போகல? கத்தின்னா எனக்குப் பயமுங்க. படுத்துட்டா என்னைப் பாக்க ஆருமில்லை."

"எல்லாமே செஞ்சீங்களா?"

செங்கோடன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணைத் தவிரங்க. கொஞ்ச நாளைக்குத் தரையில உட்காராதே, விழுந்து கும்பிடாதே, நாற்காலியில உட்காருன்னாங்க. நடக்கிற காரியமா அது? உங்களைவிட உசரத்துல நான் உட்கார்றதா?"

"டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க புரியும்?"

குரு எழுந்து போய் உள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். பிறகு, ஒட்டடை அடிக்க வைத்திருந்த மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதியில் ஏணி ஆடியது.

"ஐயோ, சாமி! என்னங்க இது?"

"இப்ப நான்தானே உசரம்? உட்காருங்க."

"இறங்குங்க சாமி, வழுக்கிடும்!"

"வழுக்கத்தான் செய்யும். விழுந்தா நம்ம ரெண்டு பேருமா போய் அந்த டாக்டரைப் பாப்போம்."

செங்கோடன் நாற்காலியின் காலைப் பிடித்து, கையைப் பிடித்து, எப்படியோ எழுந்து விளிம்பில் தொற்றிக்கொண்டார்.

"நல்லாச் சாய்ஞ்சு."

சாய்ந்தார். இடுப்பு மெல்ல இளகியது. அவரை அறியாமலே ஒரு பெருமூச்சு வந்தது.

குரு இறங்கினார். பலகைக்குப் போகவில்லை. நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். செங்கோடன் பதறி எழப் போனார். குரு அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"இருங்க."

"பாவமுங்க சாமி. நான் மேலே, நீங்க கீழே..."

குரு அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார். குழி விழுந்த கண்கள். கீழே கருவளையம். பல நாள் தூங்காத முகம்.

"இத்தனை வருஷமா விழுந்து கும்பிட்டு முதுகைத்தான் காட்டினீங்க, செங்கோடரே. இவ்வளவு வலிச்சிருக்குன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."