வாலை வாசல்ல விட்டவங்க

இல்ல சார், ஒத்துக்க மாட்டேன். இங்கிலீஷ் பரீட்சையில வார்த்தையை இடம் மாத்தி எழுதினது என் தப்புதான். மார்க்கைக் குறைச்சுக்கோங்க, அதைப் பத்தி நான் பேசவே இல்ல. ஆனா பேப்பரைத் தூக்கிக் காட்டி, நாப்பது பேர் முன்னாடி என்ன சொன்னீங்க? தமிழ் வார்த்தைங்க அவுத்து விட்ட மாடு மாதிரி கண்ட இடத்துல நிக்குமாம். இங்கிலீஷ் வார்த்தைங்க நல்லா வளர்த்த பிள்ளைங்க மாதிரி வரிசையில நிக்குமாம். வளர்ப்பா சார் அது? ஒருத்தன் நின்ன இடத்தை விட்டு அரை அடி நகர மாட்டேங்கிறான்னா, வளர்ப்பு நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்ல அவன் எதையோ பாத்துப் பயந்திருக்கான்னு அர்த்தமா? "ஏன் நகரக் கூடாது?"ன்னு கேட்டேன். "அது அப்படித்தான், எழுதிக்கோ"ன்னீங்க. அப்படித்தான்னு ஒண்ணு உலகத்துல கிடையவே கிடையாது. குறுக்க பேசாதீங்க. ஏன்னு நான் சொல்றேன்.

வார்த்தைக்கெல்லாம் கையும் காலும் இருந்த காலம் அது. வார்த்தைங்க நடக்கும், சமைக்கும், சண்டை போடும். இங்கிலீஷ் வார்த்தைங்க கடலோரத்துல, ஒரு பெரிய சேத்து நிலத்துக்குப் பக்கத்துல ஊர் கட்டி வாழ்ந்தாங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் அங்க பனிமூட்டம்தான். நடு மத்தியானத்துலயே எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியாது. அவங்க பேரையெல்லாம் விடுங்க, நம்ம பேர்லயே சொல்றேன்.

அந்த ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வால் உண்டு. 'ஓநாயை'ன்னு சொல்லும்போது நம்ம ஓநாய்க்குக் கடைசியில ஒரு 'ஐ' ஒட்டிக்கிட்டு வருதுல்ல, அந்த மாதிரி. ஊர் கூடி ஒரு காரியத்தைச் சொல்லிட்டா, செய்யப் போறவனோட வால் தானா நிமிர்ந்துக்கும். யாருக்கு நடக்கப் போகுதோ அவனோட வால் தானா சுருண்டுக்கும். அதுக்கப்புறம் நீ முன்னாடி நில்லு, பின்னாடி நில்லு, கூட்டத்துக்குள்ள புகுந்து ஒளிஞ்சுக்கோ, ஒண்ணும் மாறாது.

ஏன்னா அங்க செயலுங்களுக்குக் கண்ணு கிடையாது. கட்டு, வெட்டு, தூக்கு, கொல்லு, ஒண்ணுக்கும் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா சேத்துக்குள்ளேர்ந்து எந்திரிச்சு வரும். ஒவ்வொருத்தர் பின்னாடியும் நின்னு வாலைத் தடவிப் பாக்கும். நிமிர்ந்தது எது, சுருண்டது எதுன்னு பாத்துட்டு, வேலையை முடிச்சிட்டுத் திரும்பிப் போயிரும். ஒரு தடவை கூட ஆள் மாறினது இல்ல. அதுலயும் கொல்லு இருக்கே, நல்ல உயரம், ஈர மண்ணு வாடை, விரல் மட்டும் முழங்கால் வரைக்கும் நீளம். அது தடவும்போது முதுகுத்தண்டு வரைக்கும் கூசும். கூசினாலும் எவனும் நெளிய மாட்டான்.

அந்தக் குளிர்காலத்துல ஓநாய் பட்டிக்குள்ள புகுந்து பதினோரு ஆட்டை அடிச்சுப் போட்டுருச்சு. ஊர் கூடுச்சு. "வேடன் ஓநாயைக் கொல்லட்டும்"னு சொன்னாங்க. சொன்ன நிமிஷமே வேடன் வால் நிமிர்ந்துச்சு. சேத்துக்கு அந்தப் பக்கம் எங்கயோ படுத்துக் கிடந்த ஓநாயோட வாலும் சுருண்டிருக்கும். கொல்லுவைக் கூப்பிட்டாச்சு. அது வந்து சேர ரெண்டு நாள் ஆகும். கூப்பிட்டதை வேண்டாம்னு திருப்பி அனுப்ப முடியாது. ஒரு உயிரைத் தொடாம அது திரும்பாது.

அந்த ரெண்டாம் நாள் காலையில கடல் தாண்டி விருந்தாளிங்க வந்து இறங்கினாங்க. அவங்களும் வார்த்தைங்கதான். மூஞ்சி கூட சித்தப்பா மகன், பெரியப்பா மகன் மாதிரி அதே ஜாடை. வால் மட்டும் வேற மாதிரி, குட்டையா இருந்துச்சு. ஊர்க்காரங்க வாலைப் பாத்துட்டு அவங்களுக்கு ஒரே சிரிப்பு. "எங்க ஊர்ல மாட்டுக்கே இவ்ளோ நீளம் கிடையாதுய்யா!"

விருந்து வேடன் வீட்டுலதான். வேடனுக்கு விருந்தாளின்னா உசுரு. வாசப்படியில கூட "நீங்க முன்னால போங்க, நீங்க போங்க"ன்னு எல்லாரையும் விட்டுட்டுக் கடைசி ஆளாத்தான் நுழைவான். விருந்தாளி சிரிச்சது அவனுக்குத் தாங்கல.

"எல்லாரும் வாலைக் கழட்டி வாசல்ல மாட்டிட்டு உள்ள வாங்க. விருந்து முடிஞ்சதும் எடுத்துக்கலாம்"னான்.

அவன் கூடப் பிறந்தவ ஒருத்தி இருந்தா. ஆட்டுக்காரின்னு பேரு. செத்த பதினொண்ணும் அவ வளர்த்த ஆடுங்கதான்.

"அண்ணே, உனக்குக் கிறுக்கா? வால் என்ன செருப்பா, வாசல்ல விட்டுட்டு உள்ள போறதுக்கு?"

"கத்தாதடி. அவன் பாத்துச் சிரிக்கிறான் பாரு."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவன் பல்லு, அவன் சிரிக்கிறான். இன்னைக்குக் கொல்லு வர்ற நாளு."

"அது சாயங்காலம்தான் வரும். அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருவோம்."

"யாரு, நீயா? 'இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி'ன்னு ஒவ்வொருத்தனா கெஞ்சி, கடைசி ஆள் கை கழுவுற வரைக்கும் நீ தட்டு முன்னாடி உக்கார மாட்டியே."

"தாயே, இந்த ஒரு நாள் என் மானத்தை வாங்காத."

அவன் அப்படிக் கேட்டதும் அவளுக்கு மனசு இளகிருச்சு. முணுமுணுத்துக்கிட்டே அவளும் கழட்டினா. வாசல் சுவத்துல வரிசையா முளைக்குச்சி. ஒவ்வொண்ணுலயும் ஒரு வால். காத்தே இல்ல, ஆனாலும் அதுங்க லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. வேடன் வால் மட்டும் நிமிர்ந்தபடியே நின்னுச்சு, யாரையோ கூப்பிடுற விரல் மாதிரி.

உள்ள விருந்து நடந்துச்சு. வெளியில பனி ஏறுச்சு. ஓநாய் அந்தப் பனிக்குள்ளேயே வந்துச்சு. யாருக்கும் தெரியல. சுவத்தைப் பாத்துச்சு. தன்னோட சுருண்ட வாலைப் பல்லாலேயே கடிச்சு எடுத்துச்சு. முளையில இருந்த வாலுங்களோட அதையும் சேத்து, வாய் வாயாக் கவ்விக்கிட்டுப் போய், சேத்துக்குள்ள போட்டுருச்சு.

விருந்தாளிங்க பொழுது சாயறதுக்குள்ள படகேறிப் போயிட்டாங்க. வழியனுப்பிட்டுத் திரும்பின ஊர்க்காரங்க முளையைப் பாத்தாங்க. வெறும் முளை. கீழே ஓநாயோட காலடித் தடம். தடம் போன திசையில பாத்தா, சேத்து மேல பனி எந்திரிச்சு நிக்குது. பனிக்கு உள்ள வாலுங்க. உடம்பு இல்ல, வெறும் வாலுங்க மட்டும். ஆள் இடுப்பு உயரத்துல, நூத்துக்கணக்குல, நிமிர்ந்தது எது, சுருண்டது எதுன்னே தெரியாம. ஒருத்தன் தன் வாலை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லா வாலும் ஒரே நேரத்துல அவன் பக்கம் திரும்புச்சு. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல.

அந்த வாலுங்களை விலக்கிக்கிட்டு ஒரு உருவம் நடந்து வந்துச்சு. கொல்லு.

தெரு குறுகல். எல்லாரும் சுவத்தோட ஒட்டி நின்னாங்க. கொல்லு முதல் ஆளோட பின்பக்கத்தைத் தடவுச்சு. ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஆள். ஒண்ணும் இல்ல. தெரு முழுக்கத் தடவிட்டு நடுவுல வந்து நின்னுச்சு.

"யாரு? யாரை?"ன்னு கேட்டுச்சு.

"நான்தான் செய்றவன்! ஓநாயை!"ன்னு வேடன் கத்தினான்.

"நான்தான் செய்றவன். வேடனை"ன்னு இன்னொரு குரல். அப்பத்தான் பாத்தாங்க, கூட்டத்துக்குள்ள ஓநாய் நிக்குது. பின்பக்கம் மொட்டை. தடவிப் பாத்தா மத்தவங்களுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல.

"அது பொய் சொல்லுது! நாங்க இத்தனை பேரும் சாட்சி"ன்னு ஆட்டுக்காரி கத்தினா.

"வாய் எல்லாருக்கும்தான் இருக்கு. எனக்கு வால்தான் தெரியும். வால் இல்லைன்னா இடம். எனக்கு முன்னாடி நிக்கிறவன் செய்றவன். பின்னாடி நிக்கிறவன்மேல வேலை நடக்கும். மூணு தடவை மூச்சு விடுவேன். அதுக்குள்ள நின்னுக்கோங்க"ன்னு கொல்லு சொல்லுச்சு.

முதல் மூச்சு. ஜனங்க அலறிக்கிட்டு முன்னாடி பாய்ஞ்சாங்க. சின்னத் தெரு, ஒருத்தர் மேல ஒருத்தர். வேடன் என்ன பண்ணினான் தெரியுமா? பழக்கதோஷம் சார். கிழவன் கிழவி, கைப்பிள்ளைக்காரி எல்லாரையும் "நீங்க முன்னால போங்க, நீங்க போங்க"ன்னு அனுப்பி விட்டுட்டு இருந்தான். ரெண்டாவது மூச்சு முடியும்போது கொல்லுவுக்கு நேர் முன்னாடி ஓநாய் நிக்குது. நேர் பின்னாடி, கடைசி ஆளா, வேடன்.

"அண்ணே! முன்னாடி வாண்ணே!"

"வழி இல்லடி, எல்லாரும் நிக்கிறாங்க!"

கொல்லு மூணாவது மூச்சை உள்ள இழுத்துச்சு. நீள விரல் பின்பக்கமா நீண்டுச்சு. ஆட்டுக்காரி யோசிக்கல. சுவத்தை விட்டுப் பாய்ஞ்சு வந்து, கொல்லுவோட ரெண்டு தோளையும் பிடிச்சு, பலம் கொண்ட மட்டும் ஒரே திருப்பா திருப்பினா. அப்படியே முன்பக்கம் பின்பக்கமாச்சு. இப்ப கொல்லுவுக்கு முன்னாடி அண்ணன். பின்னாடி ஓநாய் இருக்கணும்.

ஓநாய் அந்நேரமே பனிக்குள்ள நழுவிருச்சு.

கொல்லுவுக்குப் பின்னாடி நின்னது அவதான். அதோட தோள்ல இன்னும் அவ கை இருக்கு. கொல்லு முன்பக்கக் கையை நீட்டி வேடன் நெஞ்சைத் தொட்டுச்சு. "நீ செய்றவன்"னுச்சு. பின்பக்கக் கையை நீட்டி, தோள் மேல இருந்த அந்தக் கையைத் தொட்டுச்சு. "இவளை"ன்னுச்சு.

சத்தமே வரல. பனி ஒரு தடவை உள்ள வாங்கி வெளிய விட்ட மாதிரி இருந்துச்சு. கொல்லு வந்த வழியே போயிருச்சு. ஆட்டுக்காரி கீழே கிடந்தா. அவ கண்ணு அண்ணனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

வேடன் தங்கச்சி தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, "நான் கையைக் கூடத் தூக்கலய்யா"ன்னு கத்தினான். "நான் ஒண்ணுமே பண்ணலய்யா!"

ஊர்க்காரங்க அவனைப் பாக்கல. "முன்னாடி நின்னது நீதானே"ன்னு ஒருத்தர் சொன்னார். மெதுவாத்தான் சொன்னார். அப்புறம் எல்லாரும் அதையே சொன்னாங்க. வேடன் ஆட்டுக்காரியைக் கொன்னான். நடந்ததைச் சொல்ல அந்த ஊர்ல வேற வழியே இல்லாமப் போச்சு.

மறுநாள் விறகு வெட்ட வெட்டுவைக் கூப்பிட வேண்டி இருந்துச்சு. அது வந்து நின்னதும், யாரும் சொல்லாமலேயே வெட்டுறவன் போய் முன்னாடி நின்னான். விறகைப் பின்னாடி வச்சாங்க. ஒருத்தரும் இருமல. ஒருத்தரும் கால் மாத்தி நிக்கல. நகர்ந்தா வேற யாரோ சாவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

வேடன் வீட்டு விருந்துக்கு அப்புறம்தான் இங்கிலீஷ்ல செய்றவன் முன்னாடி, செயல் நடுவுல, படுறவன் பின்னாடின்னு ஆச்சு. காய்ச்சல்னு அன்னைக்கு விருந்துக்கு வராம வீட்டுல படுத்திருந்த நாலஞ்சு பேருக்கு மட்டும் வால் மிச்சம். ஹீக்கு ஒரு ஹிம், ஷீக்கு ஒரு ஹெர்ரு, அந்தக் கும்பல்தான். அவங்களும் வரிசையை விட்டு வர மாட்டாங்க. சுத்தி நிக்கிறவங்களைப் பாத்துப் பாத்து அவங்களுக்கும் பயம் ஒட்டிக்கிச்சு. சேதி நம்ம பக்கம் வந்தப்ப, நம்ம வார்த்தைங்க வாலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சுங்க. இன்னைக்கு வரைக்கும் விடல. எந்த விருந்தாளி சிரிச்சாலும் விடல.

இப்ப நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். வேடன் கொன்னானா, கொல்லலையா? வரிசை சரியா இருக்கு, புத்தகப்படி ஒரு தப்பும் இல்ல. ஆனா அவன் கொன்னானா? ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுத் தனியா சொல்லாதீங்க, நான் வர மாட்டேன். வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்துல மேடையேறி, மைக்கைப் பிடிச்சு, அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுங்க.